திரும்பும் நேரம்: கனடிய நடைப்பயணங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

கனடாவின் காட்டுப்பாதைகளிலும் மலைப்பாதைகளிலும் நடந்த அனுபவங்களைக் கடந்த சில இதழ்களில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தெரிந்து இங்கே விடையளிக்கிறேன். ‘எத்தனை கிலோமீற்றர்?’ என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருந்தது. ‘எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?’ என்று ஒருவரும் கேட்கவில்லை; ஆகவே, கேட்கப்படாத அந்தக் கேள்விக்கான விடையும் இடையிடையே வரும்.

கேள்வி: அண்மையில் ஓய்வுபெற்றேன், வயது 61. வாகனம் ஓட்டுவதில்லை. மலையேற வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. எங்கே தொடங்குவது?
(வாசகி, ஸ்காபரோ)

பதில்: உங்கள் ஊரிலேயே தொடங்கலாம், அம்மா. ரொறன்ரோ மிருகக்காட்சிசாலைக்குச் செல்லும் மாநகரப் பேருந்தில் போய் இறங்கினால், ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் விஸ்டா பாதை அருகிலேயே தொடங்குகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் நடந்தாலே போதும். ஏறும்போது மூச்சும் இறங்கும்போது முழங்காலும் சோதிக்கப்படும் என்பதால், இறக்கத்துக்கென்று இரண்டு நடைக்கோல்களை வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே கரடியைவிட உண்ணிக்குத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி ரூஜ் பள்ளத்தாக்கில் உண்டு. காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடவுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நுனி கூரிய சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். எண்ணெய் பூசுவதும் நெருப்புக்குச்சியால் சுடுவதும் கூடாது.

கேள்வி: புரூஸ் பாதையை ஒரே மூச்சில் நடந்து முடிக்க விரும்புகிறேன். விடுமுறை ஒரு மாதம் கிடைக்கும். சாத்தியமா?
(வாசகர், மார்க்கம்)

பதில்: உடல்வலு இருந்தால் சாத்தியம், ஆனால் பெரும்பாலானோர் அப்படிச் செய்வதில்லை. நயாகரா ஆற்றங்கரையிலுள்ள குயீன்ஸ்ரனில் தொடங்கி ரொபர்மோரியில் முடியும் இந்தப் பாதை 1967 இல் திறக்கப்பட்டது. மூலப் பாதை மட்டும் ஏறக்குறைய 900 கிலோமீற்றர் நீளமானது. அதில் கணிசமான பகுதி தனியார் நிலங்களின் வழியே, உரிமையாளர்கள் வாய்ச்சொல்லாகக் கொடுத்த அனுமதியை நம்பியே செல்கிறது. நடப்பவர்கள் வேலியோரம் குப்பை போட்டாலோ வயலில் கூடாரம் அடித்தாலோ அந்த அனுமதி பறிபோய்விடும். பாதையும் இடம்மாறி நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்துவிடும். நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாது என்பதால், பகுதி பகுதியாகப் பல ஆண்டுகளில் நடந்து முடிப்பவர்களே அதிகம். நானும் அவ்வாறே நடந்துகொண்டிருக்கிறேன்.

மரங்களில் தீட்டியுள்ள வெள்ளைக் கோடுகள் மூலப் பாதையைக் குறிப்பன. நீலக் கோடுகள் கிளைப் பாதைகளுக்கு உரியன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் இருந்தால் பாதை திரும்புகிறது என்று பொருள். மேற்கோடு எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் நாமும் திரும்ப வேண்டும். இதை நான் பாடமாகக் கற்றது ஒரு ஒக்ரோபர் பிற்பகலில். தொலைபேசியில் வந்த செய்திக்குப் பதில் எழுதிக்கொண்டே நடந்ததில் இரட்டைக் கோடு ஒன்றைக் கவனியாமல் கடந்துவிட்டேன். மேப்பிள் இலைகள் கணுக்கால் ஆழத்துக்கு உதிர்ந்து கிடந்ததால், எது பாதை, எது வெறும் காடு என்ற வேறுபாடே தெரியவில்லை. சில நிமிடங்கள் கோடு எதுவும் கண்ணில் படாவிட்டால் கடைசியாகப் பார்த்த கோட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விதிதான். இருந்தும் ‘இன்னும் சிறிது தூரம்’ என்று நாற்பது நிமிடம் நடந்தேன். இருட்டிய பிறகு, பற்றரி 12 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்ட தொலைபேசியின் வெளிச்சத்தில், ஒரு பண்ணைவீட்டுச் சாலையை வந்தடைந்தேன். நாய் குரைத்த திசையில் நடந்ததால்தான் அதுவும் கைகூடியது.

அன்றிலிருந்து புறப்படும் முன் இடது புறங்கையில் பேனையால் ஒரு நேரத்தை எழுதிக்கொள்கிறேன். சூரியன் மறையும் நேரத்திலிருந்து கணக்கிட்டு, 3.15 என்று எழுதியிருந்தால், 3.15 க்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவேன். தலைவிளக்கு ஒன்றும் பையில் எப்போதும் இருக்கும்.

கேள்வி: கல்கரியிலிருக்கும் மகனிடம் செப்டம்பரில் நானும் மனைவியும் செல்கிறோம். லூயிஸ் ஏரி, மொரேன் ஏரிப் பக்கம் சிறிது மலையேறவும் எண்ணம். உயரம் ஒத்துக்கொள்ளுமா? கரடி வருமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உயரத்தை எண்ணிக் கோவைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. லூயிஸ் ஏரிக் கரையிலிருந்து மூன்றரைக் கிலோமீற்றர் ஏறினால் வரும் ஆக்னஸ் ஏரித் தேநீர்விடுதி 2,135 மீற்றர் உயரத்தில் உள்ளது. உங்கள் உதகமண்டலம் அதைவிட 100 மீற்றர் உயரம். ஆனால் இங்கே பேருந்து மேலே ஏற்றிவிடாது. ஏறக்குறைய 400 மீற்றர் ஏற்றத்தைக் கால்கள்தாம் கடக்க வேண்டும். கனடிய பசிபிக் இரயில்வே நிறுவனம் 1901 இல் மலையேறுவோருக்கான ஒதுக்கிடமாக இதனைக் கட்டியது. 1905 முதல் தேநீர் கொடுக்கிறார்கள். கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே பனித்துகள் விழக்கூடும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே இருக்கட்டும்.

மொரேன் ஏரிச் சாலையில் 2023 முதல் தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பூங்கா நிர்வாகத்தின் பேருந்திலோ அனுமதி பெற்ற மற்றப் பேருந்துகளிலோ முன்பதிவு செய்துகொண்டு போவதே வழி. மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஏறுங்கள். செப்டம்பரின் பிற்பகுதியானால் லார்ச் பள்ளத்தாக்குக்கு அவசியம் போய்வாருங்கள். ஊசியிலை மரமாயிருந்தும் இலையுதிர்க்கும் விந்தையான மரம் லார்ச். உதிர்வதற்கு முன் அந்த ஊசிகள் முழுவதும் மஞ்சளாகிவிடும். தொட்டுப் பாருங்கள், மற்ற ஊசியிலைகளைப் போலக் குத்தாது.

கரடி வரலாம். அப்பகுதியில் கிரிஸ்லி கரடிகளின் நடமாட்டத்தைப் பொறுத்து, நால்வருக்குக் குறையாமல் நெருங்கி நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு சில காலங்களில் நடைமுறையில் இருக்கும். கரடிக்கு அடிக்கும் மிளகாய் ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுவர முடியாது. வந்திறங்கிய ஊரில் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, முதுகுப்பைக்குள் அல்லாமல் இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். காலில் கட்டும் மணியைவிட மனிதக் குரலே மேலானது. திடீரென்று எதிர்ப்படும் மனிதரே கரடியைக் கலவரப்படுத்துவதால், திருப்பங்களில் உரக்கப் பேசிக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். நம்மவர்கள் நால்வர் சேர்ந்து நடந்தால் இந்த விதி தானாகவே நிறைவேறிவிடும்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் வெஸ்ட் கோஸ்ட் பாதைக்கு இடம் பதிவு செய்திருக்கிறோம். 75 கிலோமீற்றரை நான்கு நாளில் முடித்துவிடலாம் அல்லவா?
(வாசகர், வன்கூவர்)

பதில்: முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் ஆறு அல்லது ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வன்கூவர் தீவின் அந்தக் கரையில் 1906 ஜனவரியில் ‘வலென்சியா’ என்ற பயணக் கப்பல் பாறையில் மோதியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையேறியவர்கள் உதவி தேடி நடக்கவும், மீட்பவர்கள் கரைக்கு வந்து சேரவும் வழி வேண்டும் என்பதற்காகவே இப்பாதை செப்பனிடப்பட்டது. உல்லாசத்துக்கென்று போடப்பட்ட பாதை அன்று என்பது முதல் ஏணியிலேயே விளங்கிவிடும். நூற்றுக்கு மேற்பட்ட ஏணிகள் உள்ளன. மழையில் ஊறிய மரப்படியில், முதுகில் பதினெட்டுக் கிலோ சுமையுடன் ஏறும்போது, ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன இடங்களும் எனக்கு உண்டு.

அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது கடலின் வற்றுப்பெருக்கு. நீர் வற்றியிருக்கும்போது மட்டும் கடக்கக்கூடிய முனைகள் பல இருப்பதால், அட்டவணையை இரவிலேயே பார்த்து மறுநாள் புறப்பாட்டை முடிவு செய்யுங்கள். அது எந்த நேரக்கணக்கில் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கோடைகால நேரத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டிய அட்டவணைகள் உண்டு. நிற்றினாற் நீரிடுக்கில் படகுக்காகக் காத்திருக்கும் இடத்தில் அவித்த நண்டு விற்பார்கள். நான்கு நாள் உலர் உணவுக்குப் பிறகு அதன் சுவை எப்படியிருக்கும் என்று யாழ்ப்பாணத்துக்காரன் நான் சொல்லவேண்டியதில்லை. அந்நிலம் டிடிடாற் முதற்குடி மக்களுடையது. பாதையின் இரு முனைகளிலும் ஹூ-அய்-ஆற், பசீடாற் மக்களின் நிலங்கள் உள்ளன.

கேள்வி: ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவுக்கு எந்த மாதம் நல்லது?
(வாசகி, மொன்றியல்)

பதில்: மே நடுப்பகுதி முதல் ஜூன் பிற்பகுதி வரை வேண்டாம். ஓடும் தெளிந்த நீரில் பெருகும் கறுப்பு ஈக்கள், காதோரத்திலும் கழுத்திலும் இரத்தம் வரக் கடிக்கும். இருட்டியதும் அவை போய்விடும், நுளம்பு வந்துவிடும். செப்டம்பர் கடைசியில் போங்கள்.

கேள்வி: நியூபவுண்ட்லாந்தின் குறோஸ் மோர்ன் மலை 806 மீற்றர்தானே? இவ்வளவு தூரம் போய் உச்சி ஏறாமல் திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். ஏன்?
(வாசகர், மிசிசாகா)

பதில்: ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்தே ஏறத் தொடங்குவதால் 806 மீற்றரும் கால்களுக்குத் தெரியும். முதல் நான்கு கிலோமீற்றர் காட்டுவழி. பிறகு உருளும் கற்கள் நிறைந்த செங்குத்தான சரிவு. அந்தச் சரிவால் ஏறி மறுபக்கத்தால் இறங்க வேண்டும் என்பது ஒழுங்கு. மேகம் தாழ்ந்திருந்தால் ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே எச்சரிக்கிறார்கள். நான் போன அன்று மலையின் மேற்பாதி இல்லவே இல்லை. வெள்ளைத் துணி போட்டு மூடியதுபோல் இருந்தது. புறங்கையில் எழுதிய நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தும் திரும்பிவிட்டேன்.

அந்தப் பிற்பகலை ரேபிள்லாண்ட்ஸ் பாதையில் கழித்தேன். பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய பாறை, கண்டங்கள் மோதியபோது மேலே தள்ளப்பட்டு, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மொட்டையாகக் கிடக்கிறது. மலையும் இந்தப் பாதையும் அடங்கிய குறோஸ் மோர்ன் தேசியப் பூங்கா 1987 இல் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டதற்கு இத்தகைய பாறைகளே முதற்காரணம். சத்தற்ற அந்த மண்ணில் பெரும்பாலான செடிகள் பிழைப்பதில்லை. ஆனால் ஈரமான ஓரிடத்தில் குனிந்து பார்த்தபோது, செந்நரம்புகள் ஓடிய கெண்டிச்செடியின் குடுவைகளில் மழைநீர் தேங்கியிருந்தது. ஒன்றினுள் இரண்டு ஈக்கள் மிதந்தன. மண் கொடுக்காததைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும் அதுதான் அம்மாகாணத்தின் மலர். உச்சிக்குப் போயிருந்தால் அன்று அதைப் பார்த்திருக்க மாட்டேன் என்று ஆறுதலுக்குச் சொல்லலாம். ஆனால் உச்சியும் வேண்டும். வனவிலங்குகளின் இனப்பெருக்கத்துக்காக மலைப்பாதையை ஜூன் பிற்பகுதிவரை மூடிவைப்பார்கள் என்பதால், அடுத்த ஓகஸ்டுக்குத் திட்டமிட்டிருக்கிறேன்.