சீன எழுத்திலிருந்து ஜப்பானிய அசையெழுத்துகளான ஹிரகனாவும் கத்தகனாவும் எப்படிப் பிறந்தன?

ஜப்பானிய மொழியில் நம் வேற்றுமை உருபு போலச் சொல்லோடு ஒட்டும் விகுதிகள் ஏராளம். சீன எழுத்தில் அவற்றுக்கு இடமில்லை. அதனால் பொருளை விட்டுவிட்டு ஒலிக்காக மட்டும் சீன எழுத்துகளைக் கடன் வாங்கினார்கள். 8-ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த இந்த முறைக்கு மன்யோகனா என்று பெயர். ஓர் அசைக்கே பல எழுத்துகள், ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட கோடுகள். எழுதுகிறவன் கை ஒடிந்துபோகும்!

9-ஆம் நூற்றாண்டில் சுருக்கம் இரண்டு வழியில் நடந்தது. ‘கூட்டுதல்’ என்று பொருள்படும், ‘க’ என்று ஒலிக்கும் சீன எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ‘வலிமை’, வலப்பக்கம் ‘வாய்’ என்று இரண்டு துண்டுகள். சீன நூல்களின் வரிகளுக்கிடையே பொடியாக உச்சரிப்புக் குறித்த புத்த பிக்குகள் இடத்துண்டை மட்டும் எழுதினார்கள். அது கத்தகனா ‘க’. முழு எழுத்தையும் தூரிகையில் வேகமாக இழுத்து எழுதியபோது ‘வாய்’ சிறு கீற்றாகத் தேய்ந்தது. அது ஹிரகனா ‘க’. அரசவைப் பெண்கள் அதிகம் எழுதியதால் ஹிரகனாவுக்குப் ‘பெண் கை’ என்றே பெயர்.

ஓர் அசைக்கு ஒரே ஹிரகனா என்று பள்ளிகளுக்கு விதித்தது 1900-இல்தான்.

இந்த ஜப்பானிய எழுத்துகளின் வரிசையைக் கவனித்தீர்களா? அ, க, ச, த, ந... சமஸ்கிருதம் படித்த பிக்குகள் வழியாக நம் பக்கத்து அடுக்குமுறை அங்கே போயிருக்கிறது.