பூனைக்காக வளையல் இனி அடகுக் கடைக்குப் போகக்கூடாது

கேள்வி: நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. சம்பளத்தில் கைக்கு வருவது 48,000 ரூபா. கொழும்பில் கடையில் நிற்கும் கணவர் மாதம் 40,000 அனுப்புவார். வீட்டில் மாமியும் ஏழு வயது மகனும் இருக்கிறார்கள். இரண்டு பூனைகள் வளர்த்தோம், பெண் பூனை இரண்டு ஆணும் இரண்டு பெண்ணுமாக நான்கு குட்டி போட்டு இப்போது ஆறு. ஒரு பெண் பூனைக்குக் கருத்தடை செய்யப் பக்கத்துத் தனியார் சிகிச்சை நிலையத்தில் 9,000 கேட்கிறார்கள். சாப்பாட்டுக்கே 10,500 போகிறது. போன மாதம் ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினோம், அதற்கு என் வளையலை 28,000க்கு அடகு வைத்தேன். மீட்க வட்டியோடு 31,000 வரும். தெருவில் கிடக்கும் மிருகங்களைப் பராமரிக்கும் ஒரு குழுவுக்கும் மாதம் 3,000 அனுப்புகிறேன். "மனுசருக்கே இல்லாத காசு பூனைக்கா?" என்று மாமி கேட்கிறார். நான் செய்வது பிழையா? மாதம் 5,000 கட்டும் சீட்டில் இரண்டு மாதத்தில் எனக்குக் கடைசிச் சீட்டு 60,000 விழும். அதில் ஃபிரிட்ஜ் எடுக்க நினைத்தேன்.

பதில்: சகோதரி, வாயில்லாச் சீவனைச் சாக விடாமல் பஸ் ஏறி நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனை வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அது பிழையே இல்லை. ஆனால் அந்தச் செலவு வந்த நேரத்தில் உங்கள் கையில் வளையலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

முதல் வேலை தாய்ப் பூனைக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய்ப் பூனை மறுபடி சினைப்பட முடியும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். வருடத்தில் இரண்டு, மூன்று ஈற்றுக்கூட வரும். குட்டிகள் ஐந்து மாதம் ஆவதற்குள் பருவத்துக்கு வந்துவிடலாம். இதை விட்டுவைத்தால் நான் போட்டுத் தரும் எந்தக் கணக்கும் நிற்காது. உங்கள் பக்கத்துத் தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு பெண் பூனைக்கு 9,000 கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நன்கொடையில் அது சரியாக மூன்று மாதக் காசு. சீட்டு விழும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் அனுப்பவிருந்த 3,000ஐ எடுத்துக்கொள்ளுங்கள், மீதி 6,000ஐக் கணவரிடம் கைமாற்றாகக் கேளுங்கள், அடுத்த இரண்டு மாத நன்கொடைக் காசில் அதை அடைத்துவிடுங்கள். நாள் கிடைக்கும் வரை அவளை வெளியே விடாதீர்கள். உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இலவச முகாம் ஏதும் வருவதாக இருந்தால் அவர்களுக்குத் தெரியும்.

கருத்தடை செய்தால் பூனை எலி பிடிக்காது என்று மாமி பயப்படலாம். லயத்திலும் தோட்டத்து வீட்டிலும் அது நியாயமான பயம்தான், ஆனால் வேட்டைக் குணம் அப்படிப் போவதில்லை.

சீட்டுக் காசுக்கு வருவோம். ஃபிரிட்ஜ் கொஞ்சம் பொறுக்கட்டும். வளையலை மீட்க வட்டியோடு 31,000 வரும் என்கிறீர்கள். சீட்டு கைக்கு வந்த அன்றே மீட்டுவிடுங்கள், அடகு வட்டி ஒரு நாளும் நிற்பதில்லை. மிச்சம் 29,000. பெண் குட்டிகள் இரண்டுக்கும் 18,000 போனால் கையில் 11,000 இருக்கும். உங்களுடையது கடைசிச் சீட்டு என்பதால், அடுத்த மாதத்திலிருந்து கட்ட வேண்டிய 5,000மும் மிச்சம். ஃபிரிட்ஜுக்கு அதைச் சேருங்கள். வருடம் திரும்பும்போது 60,000 மறுபடி சேர்ந்திருக்கும், தவணைக்கு எடுத்து வட்டி கட்ட வேண்டியதில்லை.

அந்த 11,000 பூனைகளின் அவசரக் காசு. தேசிய சேமிப்பு வங்கியில் தனிப் புத்தகம் ஒன்று திறந்து போடுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கோடு கலந்தால் தங்காது. மாதம் 3,000 சேர்த்தால் எட்டு மாதத்தில் 35,000 ஆகிவிடும். அதோடு நிறுத்தலாம். இன்னொரு முறை பேராதனைக்கு ஓட வேண்டி வந்தாலும் அது தாங்கும். 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் வருமானத்துக்கு அது பிடிபடத் தேவையில்லை, என் வருமானம் வரி எல்லைக்கு வராது என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கேட்டு நிரப்பிக் கொடுங்கள்.

இதில் 5,000ஐ மட்டும் நோட்டாக அலமாரியில் வையுங்கள். சிறுநீர் அடைப்பு ஆண் பூனைக்குத் திரும்பவும் வரக்கூடிய நோய். மண் தட்டில் போய்ப் போய்க் குந்தும், முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. வயிற்றைத் தொடவிடாது. அப்படிக் கண்டால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இரவில் ஆட்டோக்காரருக்குக் கொடுக்க வங்கிப் புத்தகம் உதவாது.

சாப்பாட்டில் எங்கே குறைக்கலாம் என்று கேட்டால், அந்த ஆண் பூனைக்கு வைத்தியர் சொன்ன உணவில் கை வைக்காதீர்கள். அங்கே 1,000 மிச்சம் பிடித்தால் 28,000 போகும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மற்றவற்றுக்கு உப்பில்லாமல் அவித்த மீன், கோழி, கொஞ்சம் ஈரல் கொடுத்து, கடை உணவைப் பாதியாக்கலாம். வெறும் சோறும் கருவாடும் போதாது. பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றால் போகும், அந்தக் காசு முழுவதும் மிச்சம். மலிவென்று பெரிய மூட்டையும் எடுக்காதீர்கள். தென்மேற்குப் பருவ மழையில் மஸ்கெலியாவில் துணியே காயாது, திறந்த மூட்டை எப்படித் தாங்கும்? சின்னப் பை வாங்கி, இறுக்கமான டின்னில் போட்டு வையுங்கள். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

விசர்நோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி வருடா வருடம். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறான், இதைத் தள்ளிப்போட வேண்டாம். பிராண்டினாலோ கடித்தாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம்.

இனி அந்த நன்கொடை. அவசரக் காசு 35,000 ஆகும் வரை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். மனம் கேட்காது என்று தெரியும். ஆனால் உங்கள் தாய்ப் பூனை இனிக் குட்டி போடாவிட்டால், மஸ்கெலியா சந்தியில் பெட்டிக்குள் போட்டு விடப்படும் குட்டிகளும் அந்தளவு குறையும். அதுவும் மிருக நலச் சேவைதான். பிறகு 1,500இல் தொடங்குங்கள். தனியாள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழோ கம்பனியாகவோ பதிந்திருக்கிறார்களா, கணக்கறிக்கை தருகிறார்களா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நேர்மையான குழு கோபிக்காது. இயலுமானால் சிகிச்சை நிலையத்தின் பில்லை நேரே கட்டுங்கள், ஒரு தெருப் பூனையின் கருத்தடைக்கென்று. வரிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், உங்கள் சம்பளம் வருமான வரி எல்லைக்கே வராது, அதனால் உங்களுக்கு அதில் பயனில்லை.

காசில்லாமலும் ஒன்று செய்யலாம். மிருக வதைக்கு நமக்கிருப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அது விதித்த தண்டப்பணம் 100 ரூபா. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய சட்டமூலம் ஒன்றை வரைந்தது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். வகுப்பிலும் சொல்லிக்கொடுங்கள்.

மாமியிடம் இந்தக் கணக்கை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. வளையல் வீட்டுக்கு வந்து, பேரனின் படிப்புக் காசில் பூனை கை வைக்கவில்லை என்று தெரிந்தால் அவருக்கும் ஆறுதல். உங்கள் வீட்டு வாசலில் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டுப்போக இனி ஆட்கள் வருவார்கள், பூனைக்காரி என்று பேர் வந்தால் அப்படித்தான். ஆறுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆண் குட்டிகளை யாராவது கேட்டால், தடுப்பூசி போட்டு, நல்ல வீடா என்று பார்த்து, தயங்காமல் கொடுங்கள்.