கேள்வி பதில்: கிளீவ்லேண்டில் பூட்டிக் கிடக்கும் கட்டடம்

கேள்வி: ஐயா, 2019-இல் ஈஸ்டர் சமயத்தில் தியாகராஜ ஆராதனை கேட்பதற்காக அமெரிக்காவில், கிளீவ்லேண்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். விமானம் தரையில் ஊர்ந்து வரும்போது ஜன்னல் வழியே பார்த்தால், தனியாக ஒரு நீளக் கட்டடம். வாசலில் ஒரு விமானம்கூட இல்லை, உள்ளே ஆள் நடமாட்டமும் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டேன். “அது மூடி ரொம்ப நாளாச்சும்மா, ஏர்லைன்ஸ் போயிடுச்சு” என்று முடித்துக்கொண்டார். நீங்கள் அந்த விமான நிலையத்தில் வேலை பார்த்தவர் என்று முன்பு ஒருமுறை இந்தப் பகுதியில் படித்த ஞாபகம். நல்ல கட்டடத்தை எதற்கு மூடினார்கள்? அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அம்மா, நீங்கள் பார்த்தது டி கான்கோர்ஸ், அதாவது விமானம் ஏறும் வாசல்கள் இருக்கும் கட்டடம். 1999-இல் எட்டுக் கோடி டாலர் செலவில், கான்டினென்டல் விமான நிறுவனத்தின் சிறிய விமானங்களுக்காகக் கட்டியது. சி கட்டடத்திலிருந்து பூமிக்கடியில் ஒரு நடைபாதை வழியாக அங்கே போகவேண்டும். அந்த நடைபாதையில் பதினொரு வருடம் நடந்திருக்கிறேன். 2014 ஜூன் 5-ஆம் தேதி அதைப் பூட்டினார்கள்.

நான் விமான நிறுவனத்தில் இருந்தவன் இல்லை. வீல்சேர் தள்ளுவதற்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். விமான வாசலிலிருந்து உங்களைப் போன்றவர்களை உட்காரவைத்து வெளியே கொண்டுவந்து விடுவார்களே, அந்த ஆட்களுக்கு யார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று ரோஸ்டர் எழுதுவதுதான் என் வேலை. அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் என்னால் நன்றாகப் பதில் சொல்ல முடியும். முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்குகிற எல்லாருக்கும் விழுப்புரத்தில் வேலை இருக்காது. ஒரு வண்டியை விட்டு இன்னொரு வண்டி பிடிக்க இறங்குவார்கள். விமான நிறுவனங்கள் ‘ஹப்’ என்று சொல்வது இதைத்தான். சுற்றியிருக்கும் சிறிய ஊர்களிலிருந்து ஐம்பது பேர் உட்காரும் விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஜனங்கள் இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கு ஓடுவார்கள். எல்லா விமானமும் கிளம்பிப் போனதும் கட்டடமே வெறிச்சோடிப் போகும். பிறகு அடுத்த அலை. இப்படி நாளுக்குப் பல அலை.

கிளீவ்லேண்டுக்கு இந்தக் கதை புதிதும் இல்லை. யுனைடெட் நிறுவனம் அங்கே முன்பு ஒரு ஹப் வைத்திருந்தது, 1980-களின் நடுவில் மூடிவிட்டு வாஷிங்டன் பக்கம் போனது. அந்த இடத்தைக் கான்டினென்டல் நிரப்பியது. 2010 அக்டோபரில் இரண்டும் ஒன்றாகி, யுனைடெட் என்ற பெயரிலேயே நின்றன. புதிய நிறுவனத்தின் தலைமையகம் சிகாகோ. சிகாகோவின் ஓஹேர் விமான நிலையமோ கிளீவ்லேண்டிலிருந்து ஒரு மணி நேரப் பறப்பு. ஒரே கடைக்கு அடுத்தடுத்த தெருவில் இரண்டு கிளை வைத்தது மாதிரி ஆகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அன்றைக்கே பயம்தான். அதனால்தான் கிளீவ்லேண்ட் இருக்கும் ஒஹையோ மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல், இணைப்புக்குத் தடை போடாமல் இருப்பதற்கு, ஐந்து வருடம் சேவையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் உடன்பாடு வாங்கினார். ஆனால் நஷ்டம் ஓர் அளவைத் தாண்டினால் குறைத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையும் அதற்குள்ளேயே இருந்தது.

2014 பிப்ரவரி 1, சனிக்கிழமை. யுனைடெட் தலைவர் ஜெஃப் ஸ்மைசெக் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளியானது. பத்து வருடத்துக்கும் மேலாகக் கிளீவ்லேண்ட் ஹப் லாபம் பார்க்கவில்லை, இனித் தாங்காது என்றார். இன்னொரு காரணமும் சொன்னார்: சிறிய விமானங்கள் ஓட்ட விமானிகள் போதவில்லை. அது பொய்யும் இல்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கான்டினென்டல் பெயரில் பறந்த ஒரு சிறிய விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டத்தால், துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்று 2013-இல் விதி மாறியது. அதற்கு முன் 250 மணி நேரம் போதுமானதாக இருந்தது. விதி நியாயமானது. அந்த விபத்தைக் கேள்விப்பட்ட யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆள் குறைந்ததும் எந்த ஊர் விமானத்தை முதலில் நிறுத்துவது என்று பார்த்தபோது, கை எங்கள் ஊரின் மேல் விழுந்தது.

நாளுக்குச் சுமார் 200 விமானங்கள் கிளம்பிக்கொண்டிருந்த இடத்தில் 72 போதும் என்றார்கள். ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று தவணையாகக் குறைத்தார்கள். விமான நிலையப் பணியிலும் உணவு தயாரிப்பிலும் 470 வேலைகள் போகும் என்று அறிவித்தார்கள். டி கட்டடத்துக்கு மட்டும் 2027 வரை குத்தகை இருந்ததால், பூட்டிய பிறகும் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கட்டடத்துக்கு எழுதிக் கையெழுத்திட்ட பத்திரம் இருந்தது அம்மா. வீல்சேர் தள்ளுகிறவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

அந்த 470 பேருக்கு, சுலபமாக இல்லாவிட்டாலும், ஏதோ ஒரு வழி இருந்தது. தொழிற்சங்கம் இருந்தது, சீனியாரிட்டி இருந்தது. ஹூஸ்டன், நூவர்க், டென்வர் என்று வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாம். கேட்டவர்கள் எல்லாருக்கும் அது நிம்மதி தரவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் பெட்டி ஏற்றும் பிரிவில் இருந்தார். மனைவிக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை, மகன் பன்னிரண்டாவது. அவர் நூவர்க்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, காலி சீட் கிடைக்கிற விமானத்தில் போவார். அங்கே ஆறு பேர் சேர்ந்து எடுத்த அறையில் நான்கு நாள், வீட்டில் மூன்று நாள். சீட் கிடைக்காத வாரத்தில் அந்த மூன்று நாள் இரண்டாகிவிடும். இப்படி மூன்று வருடம் போய்வந்தார்.

எங்கள் ஆட்கள் அந்த 470-இல் வரவே மாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. நூறு பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், ஒரே இடத்தில் ஐம்பது பேரையோ அதற்கு மேலோ மொத்தமாக நிறுத்தினால் அறுபது நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். நாங்கள் ஐம்பது பேரை நிறுத்தவில்லை. ஒருவரைக்கூட நிறுத்தவில்லை. நான் வேலை பார்த்த நிறுவனம் செய்தது வேறு: மணி நேரத்தைக் குறைக்கச் சொன்னது.

அதை எழுதியவன் நான்தான். ஒரு ஹப்பில் எங்கள் ஆட்களின் நாள் இப்படி இருக்கும்: காலை அலைக்கு நாலு மணி நேரம், நடுவில் சும்மா, சாயந்தர அலைக்கு நாலு மணி நேரம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு நாள் கூலி. ஒஹையோவில் அந்த வருடம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.95 டாலர். எங்கள் ஆட்களின் சம்பளம் அதை ஒட்டித்தான். ஏப்ரலில் சாயந்தர அலை கரைந்தது. எட்டு மணி நேரக் கட்டத்தில் ஆறு என்று எழுதினேன். மே மாதம் ஐந்து. ஜூனில் நாலு, அதுவும் வாரத்தில் நாலு நாள். பென்சிலில் எழுதி அழித்து எழுதிய தாள்கள் அவை. ஒரே கட்டத்தில் மூன்று தடவை அழித்ததால் தாள் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தேன்.

ஒரு அம்மாள் இருந்தார், ஐம்பத்தெட்டு வயது, பன்னிரண்டு வருட சர்வீஸ். ஊருக்குள்ளிருந்து ரயிலில் வருவார். கிளீவ்லேண்டில் 1968-லேயே விமான நிலையத்துக்குள் ரயில் வந்துவிட்டது, அமெரிக்காவில் அதுதான் முதல். அவரிடம் கார் இல்லை, அந்த ரயில்தான் எல்லாம். ஆராதனை சமயத்தில் நம் ஊர்ப் பாட்டிகள் வரிசையாக வருவார்கள் இல்லையா, அவர்களிடமிருந்து நாலைந்து தமிழ்ச் சொல் பிடித்து வைத்திருந்தார். ‘மெதுவா’, ‘போதும்’, ‘தண்ணி’. கால் வைக்கும் பலகையை இறக்குவதற்கு முன் குனிந்து “பாட்டி, மெதுவா” என்பார். புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டாமல் எடுத்து மடியில் போடுவார். அது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. ஒரு தடவை ஒரு தலைப்பு மாட்டிக் கிழிந்ததைப் பார்த்திருக்கிறார், அன்றிலிருந்து அப்படி. ஒருவேளை உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரையாவதுகூட அவர் தள்ளியிருப்பார்.

ஜூன் மாதம் அவர் என்னிடம் வந்து, தன்னை லேஆஃப் செய்ததாக ஒரு கடிதம் தரமுடியுமா என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. வேலை போய்விட்டது என்று காகிதம் இருந்தால் அரசாங்கத்தின் வேலையிழப்பு உதவிக்கு மனுப் போடலாம், பயிற்சி வகுப்புக்குப் போகலாம். மணி நேரம் குறைந்து, குறைந்து, கடைசியில் தானாக விலகினால் ஒன்றும் இல்லை. அந்த உதவிக்கு வாரச் சராசரிச் சம்பளம் ஓர் அளவுக்கு மேல் இருக்கவேண்டும். நான் எழுதிய நாலு மணி நேரம் அந்தச் சராசரியையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. மேலிடத்தில் கேட்டேன். “அவரை யாரும் போகச் சொல்லவில்லையே” என்றார்கள். ஆகஸ்டில் அவர் அடையாள அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதிவேட்டில் ‘சொந்த விருப்பத்தில் விலகல்’ என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடம் அதே வாசகத்தின் கீழ் முப்பத்தொரு கையெழுத்து போட்டிருக்கிறேன். நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். அவர்களில் ஒருவர்கூட எந்தச் செய்தித்தாளின் கணக்கிலும் வரவில்லை. என் முறை அடுத்த ஜனவரியில் வந்தது. எனக்கு முறையான கடிதம் கிடைத்தது.

கேள்வி: ஹப் போனதால் ஊருக்கே நஷ்டம் என்கிறார்கள். டிக்கெட் விலை ஏறியதா, இறங்கியதா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இது எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். யுனைடெட் சுருங்கியதும் ஃபிரான்டியர், ஸ்பிரிட், ஜெட்புளூ போன்றவை உள்ளே வந்தன. பல ஊர்களுக்கு டிக்கெட் மலிவானது. 2014-இல் 76 லட்சமாக இறங்கிய பயணிகள் எண்ணிக்கை 2019-இல் ஒரு கோடியைத் தொட்டது. ஹப்பாக இருந்த கடைசி முழு வருடமான 2013-ஐவிட இது அதிகம். பயணியாக இருந்தால் நல்லதுதான், சிறிய ஊர்களுக்கு நேரடி விமானம் இழந்தவர்களைத் தவிர.

ஆனால் நீங்கள் பொருளாதாரம் படிக்கிறவராக இருந்தால், அந்த ஒரு கோடியைப் பார்த்து ‘ஊர் மீண்டுவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். மலிவு விமான நிறுவனங்கள் தரைப் பணியைப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களிடம் விடுபவை. விமானங்களைத் திருப்பி அனுப்பும் வேகமும் அதிகம். அதே எண்ணிக்கைப் பயணிக்கு அதே எண்ணிக்கை ஆள் வைப்பதில்லை, அதே சம்பளமும் தருவதில்லை. போன வேலையும் வந்த வேலையும் ஒன்றா என்று தனியாகக் கேட்கவேண்டும்.

கேள்வி: என் மகன் டிகிரி முடித்துவிட்டு, சென்னை விமான நிலையத்தில் தரைப் பணிக்குச் சேரப்போகிறான். பேட்ஜில் ஏர்லைன்ஸ் பெயர் இருக்கிறது, ஆனால் வேலை ஏதோ ஒரு ஏஜென்சி மூலம் என்கிறான். ஜெட் ஏர்வேஸ் கதை ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது. சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, பல்லாவரம்

பதில்: பயம் நியாயமானது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ராத்திரி ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் பறந்தது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் இருபதாயிரத்துக்கும் மேல். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்கவே உத்தரவிட்டது. சம்பள பாக்கிக்காக அவர்கள் அலைந்த வருடங்கள் ஐந்துக்கும் மேல்.

ஆனாலும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சென்னைக்கு வருகிற ஜனங்களில் பெரும்பாலோர் சென்னைக்காகவே வருகிறவர்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, வியாபாரம். ஒரு நிறுவனம் போனால் இன்னொன்று அந்தப் பயணியை ஏற்றத்தான் செய்யும். கிளீவ்லேண்ட் ஹப் மாதிரி வண்டி மாறுகிற கூட்டத்தையும் நம்பி நின்ற இடம் இல்லை அது.

பேட்ஜைப் பார்க்காதீர்கள் ஐயா, நியமனக் கடிதத்தைப் பாருங்கள். மேலே யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவர்தான் முதலாளி. முதல் மாதச் சம்பளம் வந்ததும் பி.எஃப். கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று மகனே போனில் பார்த்துக்கொள்ளட்டும், பிறகு மாதாமாதம். மாதச் சம்பளமா, ஷிப்டுக்கு இவ்வளவா என்று கேளுங்கள். ஷிப்ட் கணக்கு என்றால் மாதத்துக்குக் குறைந்தது எத்தனை ஷிப்ட் என்று எண் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தரமாட்டேன் என்றால் அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரிகை முகவரிக்கு, என் பெயருக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன் நான் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.