வாசிக்காத கிளையன்ட்

வணக்கம்.

நெட்வொர்க் நிரல்களுக்கான அசின்க்ரனஸ் ஃபிரேம்வொர்க் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து ஜாவாவில் எழுதி வருகிறோம். வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க்கில், இதே வேலைக்கு ஜாவாவில் பரவலாகப் பயன்படும் நெட்டியை முந்துகிறது. உடனே ஓப்பன் சோர்ஸாக வெளியிடலாம் என்பது என் கட்சி. ஆவணங்கள் இல்லாமல் வெளியிட்டால் யாரும் சீண்டமாட்டார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். ஜாவா 21இல் ஏராளமாக உருவாக்கிக்கொள்ளக்கூடிய இலகுவான விர்ச்சுவல் த்ரெட் வந்தபிறகு இதற்கெல்லாம் தேவை உண்டா என்ற சந்தேகமும் இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

பெஞ்ச்மார்க்கை எப்படி ஓட்டினீர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அனுப்பியதை அடுத்த கணமே வாசித்துவிடும் கிளையன்ட்டை வைத்துத்தான் ஓட்டுவார்கள். அதில் தேறுவது பெரிய காரியமில்லை. ஒரு சர்வர் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குமா என்று டான் கெகல் 1999இல் எழுதியபோது அது நிஜமான சவால். எந்த இணைப்பு தயாராக இருக்கிறது என்று சொல்லும் எபோலும் (லினக்ஸ்) கேகியூவும் (பிஎஸ்டி) வந்தபின் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை இயங்குதளத்தின் மையமான கெர்னலே சுமக்கிறது.

சிக்கல், வாசிப்பதை நிறுத்திவிட்ட கிளையன்ட்டிடம் இருக்கிறது. இணைப்பைத் துண்டிக்காது, வாசிக்கவும் செய்யாது. அதன் பஃபர் நிரம்பியதும் டிசிபி விண்டோ, அதாவது இன்னும் எவ்வளவு அனுப்பலாம் என்று அது சொல்லும் அளவு, பூஜ்யமாகும். பிறகு உங்கள் பக்கத்து கெர்னல் பஃபரும் நிரம்பும். அதற்குப் பின்னும் பயனரின் நிரல் எழுதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் நீங்கள் ‘பிறகு முடியும்’ என்று சொல்லும் ஒரு ஃபியூச்சரைத் தந்து அனுப்பிவைத்தால் அந்த பைட்டெல்லாம் எங்கே போகும்? நினைவகத்தில்தான் குவியும், சர்வர் விழும்வரை. நெட்டியில், ஓர் இணைப்பில் தேங்கியது 64 கேபியைத் தாண்டினால் அந்த இணைப்பைக் குறிக்கும் சானல் ‘இப்போது எழுதாதே’ என்று காட்டும். 32க்குக் கீழ் இறங்கினால்தான் மறுபடி திறக்கும். ஒரே எல்லை வைத்திருந்தால் அந்தக் கோட்டருகே நிலை மாறி மாறித் துடித்துக்கொண்டிருக்கும். இதுவும் எச்சரிக்கை மட்டுமே. காதில் போட்டுக்கொள்ளாமல் எழுதுபவரை நெட்டி தடுக்காது. உங்கள் ஃபிரேம்வொர்க் என்ன செய்யும்? எனக்கு வேகத்தைவிட இந்தப் பதில்தான் முக்கியம்.

ஆவண விஷயத்தில் நண்பர்கள் சொல்வது பாதி சரி. பயிற்சிக் கட்டுரைகள் மெல்ல வரட்டும். பயனரின் ஹேண்ட்லர் (நிகழ்வு வரும்போது அழைக்கப்படும் அவருடைய நிரல்) எந்த த்ரெட்டில் ஓடும் என்பதை மட்டும் முதல் நாளே எழுதிவையுங்கள். வெளியிட்டபின் அதை மாற்றினால் கம்பைல் ஆகும் நிரல்கூட ஓடும்போது பிசகும். நெட்டி 3இல் எழுதுவது போன்ற வெளியே போகும் நிகழ்வுகள் அழைத்தவரின் த்ரெட்டிலேயே ஓடின. 4இல் அவையும், இணைப்பின் நிகழ்வுகளை ஒரே த்ரெட்டில் கையாளும் ஈவென்ட் லூப்புக்குள் வந்தன. 5ஐ ஆல்ஃபாவரை கொண்டுபோய், வேலையைப் பல த்ரெட்டுகளுக்குப் பங்கிடும் ஃபோர்க்ஜாயின்பூல் சிக்கலைக் கூட்டியதே தவிர தெளிவான பலன் தரவில்லை என்று 2015இல் கைவிட்டார்கள். வெளியிட்டதை ‘வேண்டாம்’ என்று திரும்பப் பெறும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

விர்ச்சுவல் த்ரெட்: ஒரு கோரிக்கைக்கு ஒரு த்ரெட் என்று நேராக எழுதிப் போகிறவர்களுக்கு அது போதும், அவர்கள் உங்களிடம் வரமாட்டார்கள். ப்ராக்ஸி கட்டுகிறவர்கள், புது புரோட்டோகால் எழுதுகிறவர்கள், பஃபரைத் தம் பிடியில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் வருவார்கள். ஏபிஐ அவர்களுக்காக இருக்கட்டும்.

உரிமத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நெட்டியைப்போல அப்பாச்சி 2.0 போதும் என்பேன். காப்புரிமை அனுமதி அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. எதுவானாலும் வெளியிடும்முன் பேசி முடித்துவிடுங்கள். வெளியாட்களின் நிரல் சேர்ந்தபின் உரிமத்தை மாற்ற நினைத்தால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு அலையவேண்டியிருக்கும்.