நீலகிரி மண்சரிவு: எந்த மேடு சரியும், ஏன்?

கேள்வி (குன்னூர்): 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் பலி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 91 செ.மீ. பெய்தும் அவ்வளவு சாவு இல்லையே, ஏன் சார்?

பதில்: அவலாஞ்சியிலும் மண் சரிந்தது. ஆனால் அங்கே பெரும்பாலும் காடும் புல்வெளியும் அணையும்தான். கேத்தி, குன்னூர்ப் பக்கம் சரிவை வெட்டி வீடும் ரோடும் போட்டிருக்கிறோம். அடியில் சார்னோகைட் பாறை. அது மக்கி உண்டான களிமண் பல இடங்களில் 10 மீட்டரையும் தாண்டும். இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லாவிட்டால் மண் கனத்து, பிடிப்பு விட்டு வழுக்கும். ஓடையை மூடிய இடங்களில் இந்த ஆபத்து மிக அதிகம்.

கேள்வி (கோத்தகிரி): தேயிலையை எடுத்துவிட்டு மரம் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. வேர் மேல்மண்ணைப் பிடிக்கும்; ஆழத்தில் வழுக்குவதைப் பிடிக்காது. 2024இல் வயநாட்டுச் சரிவு தொடங்கியதே காட்டுக்குள்தான்.

கேள்வி (ஊட்டி): வீட்டுக்குப் பின்னால் 10 அடி மண்வெட்டு. கருங்கல் சுவர் கட்டியும் வயிறு தள்ளுகிறது.

பதில்: தள்ளுவது பெரும்பாலும் தண்ணீர். 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் நீர் முழுக்கத் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 4.5 டன் தள்ளுவிசை, மண்ணின் பாரம் தனி. வெட்டிய மண்ணையே பின்னால் கொட்டி நிரப்பியிருப்பார்கள். பூசும்போது சுவரில் நீர் வடிய விட்ட துளைகளையும் அடைத்திருப்பார்கள். சுவரின் பின்பக்கத்தை ஒட்டி ஓரடி அகலத்துக்கு உடைகல் வேண்டும். 3 அல்லது 4 அங்குலக் குழாய்களை 1 முதல் 1.5 மீட்டருக்கு ஒன்றாக, சுவரின் ஊடே வெளிப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். வெட்டுக்கு மேலே சிமெண்ட் வாய்க்கால் போட்டு நீரை ஓடையில் விடுங்கள், பக்கத்து வீட்டுச் சரிவில் அல்ல. செப்டிக் டேங்க் கழிவுநீர்க் குழி மேட்டில் இருந்தால் உடனே மாற்றுங்கள். மழையில்லாத மாதங்களிலும் அது மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். வயிறு தள்ளிய சுவருக்கு முட்டுக்கொடுத்து ஒப்பேற்ற வேண்டாம். பொறியாளர் பார்த்து, மழை நின்ற பருவத்தில் பிரித்துக் கட்டுங்கள். அதுவரை பின்னறையில் யாரும் படுக்க வேண்டாம்.

கேள்வி (மஞ்சூர்): மேட்டில் பிறைநிலா வடிவில் விரிசல் விழுந்திருக்கிறது...

பதில்: இருபுறமும் முளை அடித்து, தினமும் இடைவெளியை டேப்பால் அளந்து எழுதுங்கள். விரிசலைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாயால் மூடுங்கள். இடைவெளி கூடினாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ வீட்டைக் காலி செய்யுங்கள். கனமழையில் ஓடை சட்டென வற்றினால் மேலே அடைபட்டிருக்கிறது, அது உடைத்துக்கொண்டு பாயலாம் என்று பொருள். ஓடை வழியே கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு விலகுங்கள்.