இறக்கை ஏன் முறுக்கிக்கொண்டது?

பால்சா என்ற மிக இலேசான மரத்தில் வெட்டிய துண்டுகள் அடங்கிய கிட் வாங்கி மாடல் விமானம் கட்டுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி இறக்கையைப் பற்றித்தான். அதனால் இந்த முறை இறக்கை மட்டும்.

கேள்வி: 48 அங்குல டிரெய்னர் (பழகுவதற்கான விமானம்) கிட் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். வலது இறக்கையை பிளான் (முழு அளவு வரைபடம்) மேலேயே வைத்து, எல்லாவற்றையும் ஃபெவிகாலில் ஒட்டி, மேல்பக்க ஷீட்டையும் ஒட்டினேன். மறுநாள் காலை ஊசிகளைப் பிடுங்கி எடுத்துப் பார்த்தால் நுனியில் பின்விளிம்பு 6 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: தூக்கிப் போடாதீர்கள். ஆனால் இப்படியே பறக்கவும் விடாதீர்கள். நுனியில் பின்விளிம்பு கீழே இறங்கினால், இறக்கையின் மற்ற பகுதியைவிட நுனி காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கும். இதை வாஷ்-இன் என்பார்கள். வேகம் குறையும்போது அந்த நுனிதான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குசக்தியை இழக்கும். தரையிறக்க மெதுவாகத் திருப்பும் நேரத்தில் அந்தப் பக்கம் சட்டென்று சாயும், மேலே எழுப்ப உயரமும் இருக்காது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: நுனியில் பின்விளிம்பு கொஞ்சம் மேலே இருக்கவேண்டும், அதுதான் வாஷ்-அவுட்.

முதலில், இறக்கையை வைத்துக் கட்டிய பலகையைச் சோதியுங்கள். நான் என் முதல் இறக்கையைப் படிக்கிற மேசை மேல்தான் கட்டினேன், மேசை நடுவில் 3 மில்லிமீட்டர் குழிந்திருந்தது எனக்குத் தெரியாது, குழிவு அப்படியே இறக்கைக்குள் வந்துவிட்டது. தச்சர்கள் செய்வதுபோல நூல் பிடித்துப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் ஊசி குத்தி இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டினால், நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ பலகை முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பலகை சரியென்றால் அடுத்த சந்தேகம் பசை. ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது. மெல்லிய பால்சா ஷீட் அதைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். ஷீட் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் அந்தச் சுருக்கம் இறக்கையைத் தன் பக்கம் இழுக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் போயிருக்காது. ஷீட் ஒட்டினால் முழுதாக ஒரு நாள், மழைக்காலமென்றால் இரண்டு நாள், எடை வைத்தபடியே விட்டுவிடுவதுதான் என் வழக்கம்.

மூன்றாவது, நிறையப் பேர் தவறவிடுவது. உங்கள் கிட்டின் ரிப்பை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டை, கையில் எடுத்துப் பாருங்கள். கிளார்க் ஒய் என்ற, 1922-இல் வடிவமைக்கப்பட்ட, டிரெய்னர்களுக்கு மிகவும் பழக்கமான வடிவமாக இருந்தால், அடிப்பாகம் பின்னால் தட்டையாகவும் முன் 30 சதவீதம் மேல்நோக்கி வளைந்தும் இருக்கும். முன்விளிம்பு பலகையைத் தொடவே கூடாது. அதைத் தெரியாமல் அழுத்தி ஊசி குத்திவிட்டால், ஊசியை எடுத்ததும் விடுபட்டு எழும்பும், கூடவே இறக்கையும் திரும்பும். முன்விளிம்புக்கு அடியில் நுனிவரை ஒரே அளவில் பால்சா துண்டுகளை முட்டுக் கொடுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? அடிப்பக்க ஷீட் இன்னும் ஒட்டவில்லை என்றால் நீங்கள் பிழைத்துக்கொண்டீர்கள். ஒரு தாளைச் சுருட்டி, ஓரத்தை ஒட்டிக் குழாயாக்கி முறுக்கிப் பாருங்கள், அசையாது. ஒட்டிய இடத்தை பிளேடால் கிழித்துவிட்டு முறுக்குங்கள், துணிபோலத் திரும்பும். இறக்கையின் முன்பாகமும் அப்படித்தான். மேல் ஷீட், கீழ் ஷீட், ஸ்பார்களுக்கு (இறக்கை நெடுக மேலும் கீழும் ஓடும் குச்சிகள்) நடுவே ஷியர் வெப் (அவற்றை இணைக்கும் மெல்லிய பால்சாத் துண்டு) என்று நாற்புறமும் மூடினால் குழாய், ஒரு பக்கம் திறந்திருந்தால் கிழிந்த குழாய். உங்களுடையது இன்னும் கிழிந்த குழாய்தான். ஆகவே நுனியில் பின்விளிம்புக்கு அடியில் 5 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை வைத்து, மேலே எடை ஏற்றி, அந்த நிலையிலேயே இறக்கையைப் பிடித்துவைத்து அடி ஷீட்டை ஒட்டுங்கள். குழாய் மூடும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவம்தான் நிலைக்கும். இடது இறக்கைக்கும் அதே 5 மில்லிமீட்டர்.

இரண்டு பக்கமும் ஏற்கெனவே மூடிவிட்டவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: ஃபிலிம் (இறக்கைமேல் போர்த்தும், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டியபின் ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் அயர்ன் வைத்துச் சூடு காட்டினால், ஃபிலிம் சுருங்கி ஓரளவு நேராக்கும். சில மில்லிமீட்டருக்குத்தான் இது உதவும், வெயிலில் காருக்குள் வைத்தால் பழையபடி திரும்பவும் கூடும்.

கேள்வி: என் பையனுக்கு வந்த கிட்டின் பிளானில் வலது இறக்கை மட்டும்தான் வரைந்திருக்கிறது. இடதுக்கு என்ன செய்வது?
- இல்லத்தரசி, திருச்சி

பதில்: பிளானின் பின்பக்கம் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் மெல்லத் தடவுங்கள். தாள் கண்ணாடிபோல ஆகி, திருப்பிப் போட்டால் கோடுகள் அப்படியே தெரியும். அதன்மேல் மெல்லிய பாலிதீன் விரித்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள், எண்ணெய் பட்ட பால்சாவில் பசை பிடிக்காது. இப்போதே கேட்டுவிட்டீர்கள், நல்லது. இரண்டு வலது இறக்கை கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: பள்ளியில் மாணவர்களோடு கட்டுகிறோம். ஷியர் வெப்பில் நார் ஓட்டம் மேலும் கீழுமாக நிற்கவேண்டும் என்று குறிப்பில் இருக்கிறது. நீளவாக்கில் வெட்டினால் ஒரே துண்டில் முடிந்துவிடுமே, ஏன் கூடாது?
- அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: வகுப்பிலேயே செய்துகாட்டலாம். இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைக்கச் சொல்லுங்கள், சுலபமாக வளையும், ஓரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று நகர்வதும் தெரியும். இரண்டையும் ஒட்டிவிட்டு வளைக்கச் சொல்லுங்கள், நன்றாக அடம்பிடிக்கும். விமானம் மேலே எழும்போது மேல் ஸ்பார் அமுக்கப்படுகிறது, கீழ் ஸ்பார் இழுக்கப்படுகிறது, இரண்டையும் நகரவிடாமல் கட்டிப்போடுவது வெப். அதோடு வளையும்போது இரண்டு ஸ்பாரும் ஒன்றையொன்று நெருங்கவும் பார்க்கும். நார் நிமிர்ந்து நின்றால் வரிசையாகத் தூண் நட்டதுபோல அதைத் தாங்கும். படுத்திருந்தால் நசுங்கும், இல்லாவிட்டால் நார் வழியே பிளக்கும். மீதித் துண்டு ஒன்றை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: வெட்டுமுனையில் அவ்வளவாகப் பதியாது, பக்கவாட்டில் உடனே பள்ளம் விழும். ஆகவே ஒவ்வொரு ரிப் இடைவெளிக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டுங்கள், வேலை கூடுதல்தான், ஆனால் குழந்தைகள் கட்டியது முதல் வளைவிலேயே மடங்கக்கூடாது இல்லையா.

குழந்தைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டனின் மொஸ்கிட்டோ விமானத்தின் உடல் இரண்டு மெல்லிய ப்ளைவுட் அடுக்குகளுக்கு நடுவே பால்சா வைத்துச் செய்ததுதான். 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது.

கேள்வி: எல்லாவற்றையும் ஃபெவிகுவிக்கிலேயே ஒட்டிவிடலாமா? ஒரே நாளில் முடிந்துவிடுமே.
- வாசகர், மதுரை

பதில்: முடியும், பலர் செய்கிறார்கள். ஆனால் காய்ந்த பசை பால்சாவைவிடக் கெட்டி, உப்புத்தாள் போடும்போது மரம் தேய்ந்துபோய் பசை மட்டும் மேடாக நிற்கும். ஆகவே வெளியே தேய்க்க வேண்டிய இடங்களில், குறிப்பாக ஷீட் இணைப்பில், ஃபெவிகால். ரிப்பையும் ஸ்பாரையும் இணைக்க, நன்றாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, குவிக். கிட் துண்டுகளை லேசரில் வெட்டியபோது கருகிய ஓரத்தை ஒருமுறை மட்டும் லேசாகத் தேய்த்துவிடுங்கள், அதிகம் தேய்த்தால் பொருத்தம் போய்விடும். இரண்டு பாதியும் சேரும் நடு இணைப்புக்கு மட்டும் அரால்டைட். இறக்கை தாங்கும் விசை அதிகமாகச் சேருவது அங்கேதான், அங்கே அவசரம் வேண்டாம்.

சட்டையில் குவிக் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியோடு சேர்ந்தால் அது கொதிக்கச் சூடாகும், தோல் வெந்துவிடும். கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், உடனே தண்ணீரை நிறைய ஊற்றுங்கள்.

கேள்வி: ஐப்பசியில் ஃபிலிம் ஒட்டினேன், விறைப்பாக இருந்தது. இப்போது சித்திரையில் முழுக்கச் சுருக்கம். கெட்டுப்போய்விட்டதா?
- வாசகர், சென்னை

பதில்: இல்லை. மழையில் உப்பியிருந்த மரம் வெயிலில் சுருங்கிவிட்டது, ஃபிலிம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பழைய பனியன் துணியை அயர்ன்மேல் சுற்றி, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சூடு காட்டுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால், மேலே கோவை மாணவர் எழுதிய அதே முறுக்கல் உங்களுக்கும் வரும். முடித்ததும் இறக்கையை மேசையில் வைத்து, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பின்விளிம்பு நெடுக நோக்குங்கள். இரண்டு நுனியும் ஒரே அளவு தெரிந்தால் பறக்கவிடலாம்.