பாரிமுனை மொத்தக் கடையில் கோடை வேலை: முதல் முறை சென்னை வருபவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

கேட்டவர் பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்தவர், ஊர் திருவண்ணாமலைப் பக்கம். இந்த விடுமுறையில் பாரிமுனையில் ஒரு நோட்டுப் புத்தக மொத்தக் கடையில் வேலை, ராயபுரத்தில் அத்தை வீட்டில் தங்கல் என்று எழுதியிருக்கிறார். பில் போடுகிற இடத்தில் உட்காரச் சொல்கிறார்களாம், ஏசி இருக்கிறதாம். அப்படியே சேர்ந்துவிடலாமா என்பது கேள்வி.

சேருங்கள் தம்பி. ஆனால் முதல் வாரம் பில் போட்டு முடித்ததும், "என்னைப் பார்சல் பக்கம் அனுப்புங்க" என்று முதலாளியிடம் கேளுங்கள். ஏசியை விட்டு வெயிலுக்குப் போகச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். நானும் கல்லூரி விடுமுறையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு பேப்பர் கடையில்தான் முதல் சம்பளம் வாங்கினேன். என் அனுபவத்தில் பில் போடுகிறவனுக்குத் தெரிவது தொகை மட்டும். வியாபாரம் தெரிவது பார்சல் கட்டுகிறவனுக்குத்தான்.

நோட்டுக் கடைக்கு மே மாதம்தான் தீபாவளி. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் விழுப்புரம், வேலூர், நெல்லூர், சித்தூர் என்று எல்லா ஊர்க் கடைக்காரர்களும் வந்து விழுவார்கள். 96 பக்கம், 192 பக்கம், கோடு போட்டது, போடாதது, நாலு கோடு, கட்டம் போட்டது, அப்புறம் பிரவுன் ஷீட், ஜாமெட்ரி பாக்ஸ் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தச் சீட்டைப் பார்த்து, குடோனிலிருந்து எடுத்து, எண்ணி, சாக்கில் போட்டு, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்து, மேலே மையால் பார்ட்டியின், அதாவது சரக்கு வாங்குகிற கடைக்காரரின், பெயரெழுத்தும் ஊரும் எழுத வேண்டும். மொத்தம் ஏழு கட்டு என்றால் ஏழிலும் அந்த எழுத்து இருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் அந்தக் கட்டு எந்த ஊரில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு மீன்பாடி வண்டியில், அதாவது சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில், ஏற்றி, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் இருக்கிற பார்சல் ஆபீசுக்குக் கூடவே போவீர்கள். அங்கே எல்.ஆர். போடுவார்கள். லாரிக்காரர் சரக்கை வாங்கிக்கொண்டதற்கான ரசீது அது. கூலியை நம் கடை கட்டினால் 'பெய்டு', வாங்குகிறவர் எடுக்கும்போது கட்டினால் 'டு-பே'. இதை மாற்றிப் போட்டால் மறுநாள் காலையில் போனில் வசவு நிச்சயம். சரக்கோடு கூடவே போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் இருக்கிறதே, வரி உள்ள சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிறதென்றால் 1 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது வேண்டும். நெல்லூர், சித்தூர் மாதிரி வெளி மாநிலம் போனால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும். பி.காம். வகுப்பில் இதை மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. ஒரு பார்சல் நின்றுபோய் முதலாளி கத்துவதைக் கேட்டவனுக்கு அது மறக்கவே மறக்காது.

எந்தப் பார்ட்டி ரொக்கம், எது கடன், யார் எப்போதும் இரண்டு கட்டைத் திருப்பி அனுப்புவார், எல்லாமே அந்த மீன்பாடி வண்டி ஓட்டுகிற அண்ணனுக்குத் தெரியும். பெரும்பாலும் உங்கள் முதலாளியைவிட அந்தத் தெருவில் அவர் சீனியர். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள்.

சேர்வதற்கு முன் பேச வேண்டியவை. சம்பளம் வாரமா மாதமா, எந்தக் கிழமை, பேட்டா தனியா, இரவு நேரமானால் சாப்பாடு யார் செலவு. வாய் கூசாமல் கேளுங்கள், இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முடிந்தால் வாரச் சம்பளமாக வாங்குங்கள். என்னோடு வந்த பையனுக்கு வேறொரு கடையில் கடைசிப் பதினைந்து நாள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, "சீசன் முடியட்டும், வந்து வாங்கிக்கோ" என்றார்கள். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்க முடியுமா? அவன் அதை விட்டுவிட்டான். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், ஆதார் நகல் போதும். சட்டப்படி கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் திருத்தமும் வந்தது. சீசனில் 8 மணி நேரத்தோடு யாரும் விடப்போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஸ்டூல் கேட்பது உங்கள் உரிமை என்று தெரிந்திருக்கட்டும்.

வழி கண்டுபிடிப்பதற்குச் செல்போன் வரைபடத்தை ரொம்ப நம்ப வேண்டாம், சந்துக்குள் அது திணறும். கடல் கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து உள்ளே வர வர ராஜாஜி சாலை, லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு, பிரகாசம் சாலை. கடைசியில் மேற்கே வால்டாக்ஸ் சாலை. இதில் பிரகாசம் சாலையை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், பிராட்வே என்றால்தான் வழி சொல்வார்கள். அதேபோல் தெருவுக்கு ஒரு சரக்கு. கோடவுன் தெரு என்றால் துணி, தேவராஜ முதலி தெரு என்றால் கண்ணாடி, காசி செட்டித் தெரு என்றால் பொம்மை, பேன்சி. "சார், பேப்பர் கடை எங்கே?" என்று கேட்காமல் தெருப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊருக்குப் புதிது என்று தெரியாது.

பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கிற பீச் ஸ்டேஷன், ராயபுரத்திலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம். டிக்கெட் 5 ரூபாய். வண்டிகள் அடிக்கடி கிடையாது, அதனால் காலையில் நேரம் பார்த்துக் கிளம்புங்கள், தவறினால் கல்மண்டபம் வந்து பஸ் பிடியுங்கள். அந்த ராயபுரம் ஸ்டேஷனைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. உங்கள் ஊர்ப் பக்கம் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம்.

வடசென்னை என்றதும் ஊரில் நாலு பேர் பயமுறுத்தியிருப்பார்கள். சினிமா பார்த்துச் சொல்வது அது. பேச்சு கொஞ்சம் சத்தமாக இருக்கும், "இன்னாபா" என்று ஆரம்பிப்பார்கள், அவ்வளவுதான். கூட்டத்தில் பர்சையும் போனையும் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அது எந்தக் கடைத் தெருவுக்கும் பொருந்தும். கடைக்காரரைக் கூப்பிடுவது மண்ணடியில் பாய், சௌகார்பேட்டையில் சேட்டு, தெற்கத்திக்காரர் கடை என்றால் அண்ணாச்சி. இந்தியிலும் தெலுங்கிலும் எண்கள் மட்டுமாவது படித்துக்கொண்டு வாருங்கள், கட்டு எண்ணும்போது உதவும்.

வெயில்தான் உண்மையான கஷ்டம். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து காற்று பலமாக அடித்தால் கடல் காற்று உள்ளே வரத் தாமதமாகும். அந்த மாதிரி நாளில் பதினொன்றிலிருந்து மூன்று வரை தெரு கொதிக்கும். வெளி வேலையைக் காலையிலும் நாலு மணிக்கு மேலும் வைத்துக்கொள்ளப் பாருங்கள். கழுத்தில் ஒரு துண்டு, பையில் தண்ணீர் பாட்டில், கட்டாயம் பருத்திச் சட்டை.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. அத்தை டப்பா கட்டிக் கொடுக்காத நாளில் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மாலையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், கூடவே வறுத்த வெங்காயம் திணித்த அவித்த முட்டை. சம்பளம் வாங்கிய சனிக்கிழமை என்றால் தங்கசாலைத் தெருவுக்குப் போய் முறுக்கு சாண்ட்விச். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், நன்றாகத் தூங்குங்கள்.

ஊர் திரும்புகிற வாரத்தில் இரண்டு வேலை பாக்கி. வேலை செய்த தேதிகளைக் குறிப்பிட்டு, கடையின் லெட்டர்பேடில் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், கல்லூரி முடித்து வேலை தேடும்போது காட்டலாம். தங்கை, தம்பி படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு வேண்டிய நோட்டுகளை மொத்த விலையிலேயே கேளுங்கள். எந்த முதலாளியும் இல்லை என்று சொல்ல மாட்டார்.